சிபில் ரிப்போர்ட்டில் அநியாயமாக விழுந்த பாக்கியைத் திருத்துவது எப்படி

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போட்டு, அது திரும்பி வந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. சிபில் ரிப்போர்ட்டில், அதாவது ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் அறிக்கையில், எப்போதோ கட்டி முடித்த பைக் கடனில் 590 ரூபாய் பாக்கி என்று நிற்கும். ஒரு மாதத் தவணை வங்கிக் கணக்கில் எடுபடாமல் திரும்பியதற்கு 500 ரூபாய் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய். கடைசித் தவணை கட்டிய அன்று அதைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். கணக்கு மூடப்படாமலே கிடந்து, மாதாமாதம் தாமத நாட்கள் ஏறி, 90 நாளைத் தாண்டி, கடைசியில் 'ரைட்-ஆஃப்' (வசூலாகாது என்று ஒதுக்கிய கடன்) என்று முத்திரை விழுந்திருக்கும். இன்னும் சிலருக்கு, வாங்காத கடனே அவர்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்.

இவற்றைத் திருத்த முடியும். அதற்குக் கட்டணமும் இல்லை. பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: சிபில் இணையதளத்தில் 'டிஸ்பியூட்' (ஆட்சேபம்) பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன் 21-ஆம் பிரிவின்படி, கடன் கொடுத்த நிறுவனம் திருத்தம் சரிதான் என்று உறுதிசெய்த பிறகே சிபில் அந்தப் பதிவில் கை வைக்க முடியும். அதாவது உங்கள் புகாரைச் சிபில் வாங்கி, வங்கிக்கு அனுப்பி, வங்கி சொல்வதை உங்களிடம் சொல்லும். முடிவு எடுக்கப்படுவது வங்கியின் மேசையில். எனவே இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தோடு, ஆவணத்தோடு புகார் போக வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

நான்கு ரிப்போர்ட்டையும் எடுங்கள்

நாம் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் சிபில் என்கிறோம். ஆனால் இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 2015-இலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகவே ஒன்றில் இருக்கும் தவறு மற்றவற்றிலும் இருக்க வாய்ப்பு அதிகம்; ஒன்றில் மட்டும் திருத்தி நிம்மதியாக இருந்தால், அடுத்த வங்கி வேறொன்றைப் பார்த்துவிட்டு மறுக்கும்.

ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். பான் எண்ணும் கைபேசி எண்ணும் போதும். அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். ஸ்கோரை, அதாவது கடன் மதிப்பெண்ணை, மட்டும் காட்டும் செயலிகள் இந்த வேலைக்கு உதவாது. மாதச் சந்தா கேட்கும் பக்கம் வந்தால் அதைத் தாண்டி இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பைத் தேடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. எடுத்ததைப் பி.டி.எஃப். ஆகச் சேமித்துவிடுங்கள். அதில் உள்ள கட்டுப்பாட்டு எண் புகாருக்கு வேண்டும். 

எந்த வரியைப் பார்ப்பது

பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, பழைய முகவரி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். கடன் கணக்குகள் பகுதிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு கணக்கிலும் ஆறு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கணக்கு யாருடையது என்ற குறிப்பு, தற்போதைய இருப்பு, நிலுவைத் தொகை, கணக்கின் நிலை, மூடிய தேதி, மாதவாரித் தாமத நாட்கள்.

யாருடையது என்ற இடத்தில் தனிநபர், கூட்டுக் கடனாளி, ஜாமீன்தாரர், கூடுதல் அட்டை வைத்திருப்பவர் என்று நான்கு வகை உண்டு. மகனின் கல்விக் கடனில் அப்பா கூட்டுக் கடனாளி. மகன் தவணை தவறினால் அப்பாவின் ரிப்போர்ட்டிலும் அது விழும். அது தவறான பதிவு ஆகாது. மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டதும் அப்படியே.

தாமத நாட்கள் பெட்டியில் 000 என்றால் சரியாகக் கட்டியாயிற்று. 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம். மூன்று எக்ஸ் போட்டிருந்தால் அந்த மாதத் தகவல் வரவில்லை என்று பொருள், பயப்பட வேண்டாம். எண்ணுக்குப் பதில் எஸ்.டி.டி. என்றிருந்தால் நல்ல கணக்கு. எஸ்.யு.பி., டி.பி.டி., எல்.எஸ்.எஸ். என்பவை வாராக்கடனின் படிநிலைகள். சிபிலில் 36 மாதம் வரை காட்டும். எந்த மாதத்தில் முதன்முதலாக எண் ஏறியது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் காரணம் ஒளிந்திருக்கும்: வங்கிகள் இணைந்து ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியதால் தானியங்கிப் பற்று நின்றது, சம்பளக் கணக்கை மாற்றியது, அட்டையைத் திருப்பிக் கொடுத்தது, இப்படி ஏதாவது.

'செட்டில்டு' என்ற சொல்லில் கவனம். பேரம் பேசி, ஒரு பகுதியைத் தள்ளுபடி பெற்றுக் கட்டியிருந்தால் வங்கி 'செட்டில்டு' என்று போடுவது சட்டப்படி சரியே. வசூலுக்கு வந்தவர் 'எல்லாம் க்ளோஸ் ஆயிடும் சார்' என்று சொன்னதற்கு எழுத்து இல்லாவிட்டால் பயன் இல்லை. முழுத் தொகையும் கட்டியும் 'செட்டில்டு' என்று இருந்தால்தான் புகார் நிற்கும். பேரத்தில் விட்டுப்போன மிச்சத்தைக் கட்டி 'க்ளோஸ்டு' என்று மாற்றித் தரும்படி வங்கியை எழுத்துமூலம் கேட்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டு கடிதம் தந்த பிறகு மட்டுமே பணம் கட்டுங்கள்.

உண்மையாகவே மூன்று மாதம் தவறியிருந்தால் அந்த மூன்று மாதத்தின் எண்களை யாராலும் அழிக்க முடியாது. இன்று பாக்கி இல்லை என்று நிலையைப் புதுப்பிக்க மட்டுமே முடியும். பணம் வாங்கிக்கொண்டு 'சிபிலைச் சுத்தம் செய்து தருகிறோம்' என்று சொல்லும் ஏஜென்டுகள் இதைத்தான் மறைக்கிறார்கள். அவர்கள் செய்வதும் நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே புகார்தான்; கூடவே உங்கள் பான், ஆதார் நகல்களும் ஓ.டி.பி.யும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

உங்கள் வழக்கு எந்த வகை, ஆதாரம் எது

கட்டி முடித்த கடன் இன்னும் திறந்திருக்கிறது என்றால் வேண்டியவை இரண்டு: நோ டியூஸ் சான்று (பாக்கி எதுவும் இல்லை என்று கடன் கொடுத்தவர் தரும் கடிதம்), கடைசித் தவணை போன நாளின் வங்கி ஸ்டேட்மென்ட். சான்று தொலைந்திருந்தால் முதலில் கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில்தான் 590 ரூபாய் எந்தத் தேதியில், எந்தப் பெயரில் போடப்பட்டது என்று தெரியும். கட்டணம் நியாயமானது, தொகை சின்னது என்றால் கட்டிவிட்டுச் சண்டை போடுவது புத்திசாலித்தனம். ஆனால் கட்டுவதற்கு முன் 'இதைக் கட்டினால் கணக்கு பாக்கியின்றி மூடப்படும், கடன் தகவல் நிறுவனங்களுக்கு அப்படியே தெரிவிக்கப்படும்' என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நோ டியூஸ் கொடுத்த பிறகு போட்ட கட்டணம் என்றால் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், அந்தச் சான்றே போதும்.

கிரெடிட் கார்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் விதிகள் உங்கள் பக்கம் பலமாக நிற்கின்றன. கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் பாக்கி இருந்தால்தான் அதைத் தாமதம் என்று தெரிவிக்கலாம். தவறியவர் என்று அனுப்பும் முன் 7 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பில்லில் தகராறு நிலுவையில் இருக்கும்போது, அது தீர்ந்த பிறகே பாக்கியைப் பற்றித் தெரிவிக்க வேண்டும். பாக்கியைக் கட்டிய 30 நாளுக்குள் நிலையைப் புதுப்பிக்க வேண்டும். பாக்கியில்லாத அட்டையை மூடச் சொன்னால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். மூடச் சொன்ன அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் போட்டு, அதற்கு வட்டி போட்டு, பாக்கியாக்கியிருந்தால் நீங்கள் மூடச் சொன்ன மின்னஞ்சலும் அதன் தேதியும்தான் ஆயுதம். போனில் சொல்லியிருந்தால் புகார்ப் பதிவு எண்ணைத் தேடி எடுங்கள்.

கல்விக் கடனில், படிப்புக் காலத்திலோ அதற்குப் பிந்தைய தவணை விடுமுறைக் காலத்திலோ பாக்கி காட்டினால் அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் தேதி அதில் இருக்கும். அதற்கு முந்தைய மாதங்களில் தவணை பாக்கி என்று எண் ஏறியிருந்தால் அந்த ஒரு பக்கமே ஆதாரம். மைக்ரோஃபைனான்ஸ் கடனில் வாரப் பணத்தை வாங்கிய களப் பணியாளர் கணக்கில் ஏற்றாமல் விட்டதுண்டு. கடன் அட்டையில் அவர் போட்ட கையெழுத்தும் தேதியும் உள்ள பக்கங்களை வரிசையாகப் படம் எடுத்து வையுங்கள்.

வாங்காத கடன் இருந்தால் உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். செயலி வழியாகவோ கடையில் தவணை முறையிலோ பொருள் வாங்கியிருந்தால், ரிப்போர்ட்டில் செயலியின் பெயர் வராது. பின்னால் பணம் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர்தான் வரும். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' கணக்குகளும் கடனாகவே பதிவாகின்றன. பழைய மின்னஞ்சல்களில் அந்த நிறுவனப் பெயரைத் தேடிப் பாருங்கள். அதே போல, பழைய வங்கிக் கடனை, வாராக்கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் வாங்கியிருந்தால் வேறு பெயரில் ஒரு கணக்கு முளைத்திருக்கும். அப்போது வங்கி, வாங்கிய நிறுவனம் இரண்டுக்கும் எழுத வேண்டும்.

நிஜமாகவே உங்களுடையதல்ல என்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: விண்ணப்பப் படிவம், கொடுத்த அடையாள ஆவணங்களின் நகல், ஒப்பந்தம், கடன் பணம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு விவரம். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதை அவர்கள் ஏட்டிலிருந்தே காட்ட முடிந்தால் மற்ற வாதங்கள் தேவைப்படாது. கூடவே 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ பதிவுசெய்து, அந்த ஒப்புகையைப் புகாரோடு இணையுங்கள். வசூல்காரர் மிரட்டினாலும் 'ஒரு ஆயிரம் கட்டுங்கள், பார்த்துக்கொள்கிறோம்' என்றாலும் ஒரு பைசா கட்டக் கூடாது. கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

கடிதம்

நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அதிகாரி, முதன்மை நோடல் அதிகாரி (புகார்களுக்குப் பொறுப்பான மேலதிகாரி) ஆகியோரின் மின்னஞ்சல் இருக்கும். கடன் தகவல் புகார்களுக்கென்றே தனி முகவரி இருந்தால் அதற்கும் அனுப்புங்கள். உள்ளூர்க் கிளையில் தமிழில் கொடுக்கலாம், முத்திரையோடு நகல் வாங்குங்கள். திருத்தம் செய்பவர்கள் உட்காருவது வேறு மாநிலத் தலைமை அலுவலகத்தில் என்பதால் ஆங்கிலப் பிரதி ஒன்றும் இணைத்தால் வேலை வேகமாகும். நீண்ட கதை வேண்டாம். ஒரு பக்கம், இப்படி:

"பொருள்: கடன் கணக்கு எண் ……, கடன் தகவல் அறிக்கையில் தவறான பதிவைத் திருத்தக் கோருதல்.

மேற்படி கடனை …… தேதியில் முழுமையாகக் கட்டினேன். தாங்கள் வழங்கிய நோ டியூஸ் சான்று இணைப்பு 1, பணம் செலுத்திய வங்கி ஸ்டேட்மென்ட் இணைப்பு 2. …… தேதியிட்ட சிபில் அறிக்கையில், கட்டுப்பாட்டு எண் ……, இக்கணக்கு ரைட்-ஆஃப் என்றும் நிலுவை ரூ. 590 என்றும் உள்ளது. கீழ்க்கண்டவாறு திருத்தி நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பக் கோருகிறேன்: நிலை – மூடப்பட்டது, இருப்பு – 0, நிலுவை – 0, ரைட்-ஆஃப் தொகை – நீக்கம், மூடிய தேதி – ……, …… மாதம் முதல் …… மாதம் வரை தாமத நாட்கள் – நீக்கம்.

திருத்த மறுத்தால் காரணத்தையும் அதற்கான கணக்கு விவரத்தையும் எழுத்தில் தரவும். 30 நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால், ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீட்டை …… கணக்கில் வரவு வைக்கவும்."

ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகக் கேட்பதை விட்டுவிடாதீர்கள். 'என் சிபிலைச் சரிசெய்யுங்கள்' என்று மட்டும் எழுதினால் இருப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுவார்கள். ரைட்-ஆஃப் என்ற சொல் அப்படியே நிற்கும். கடன் கொடுப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்தச் சொல்தான்.

அதே நாளில் ஆன்லைன் புகார்

சிபில் இணையதளத்தில் உள்நுழைந்து, அந்தக் கணக்கைத் தேர்ந்து, தவறான புலங்களைக் குறித்து, சரியான மதிப்பை உள்ளிடுங்கள். 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்பது தனித் தெரிவு. கணக்கு உங்களுடையதாக இருந்து, தொகை மட்டும் தவறு என்றால் அதைத் தொடவே கூடாது. வங்கி 'இவர் எங்கள் வாடிக்கையாளரே' என்று ஒரே வரியில் பதில் சொல்லும், புகார் அங்கேயே முடிந்துவிடும். மற்ற மூன்று நிறுவனங்களிலும் இதையே செய்யுங்கள். புகார் எண், தேதி, திரையைப் படம் பிடித்த நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

30 நாள் கணக்கு

கடிகாரம் ஓடத் தொடங்குவது புகார் பதிவான நாளில். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு 21 நாள். அதற்குள் திருத்திய தகவலை அனுப்பவில்லை என்றால் இழப்பீடு அவர்கள் பொறுப்பு. அவர்கள் அனுப்பியும் 30 நாளுக்குள் கடன் தகவல் நிறுவனம் ஏற்றவில்லை என்றால் பொறுப்பு அதனுடையது. விடுமுறை நாட்களும் சேர்ந்தே எண்ணப்படும். புகார் தீர்ந்த 5 வேலை நாளுக்குள் தொகை உங்கள் கணக்கில் வர வேண்டும். இந்த ஏற்பாடு 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் உள்ளது. வங்கிக் கணக்கு எண்ணையோ யு.பி.ஐ. முகவரியையோ முதலிலேயே கொடுத்துவிடுங்கள். ஸ்கோர் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற தகராறுக்கும், கடன் தர மறுத்த முடிவுக்கும் இந்த இழப்பீடு கிடையாது.

21-ஆம் நாள் ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போடுங்கள். அதே தொடரில் போடுங்கள், புதிதாகத் தொடங்கினால் தேதி மாறிவிடும்.

'தகவல் சரியே' என்று பதில் வந்தால்

இது அடிக்கடி வரும் பதில். சிபிலிலிருந்து போன கேள்விக்கு, வங்கியில் ஒருவர் அதே பழைய கணினிப் பதிவைப் பார்த்து 'சரி' என்று அடித்திருப்பார். உங்கள் நோ டியூஸ் சான்றை அவர் பார்த்திருக்கவே மாட்டார். எனவே அதே புகாரை ஆன்லைனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பயனில்லை. மறுப்புக் கடிதத்தின் நகலோடு முதன்மை நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். கேட்க வேண்டியது ஒன்றே: எந்தத் தேதியில், எந்தத் தலைப்பில், எவ்வளவு தொகை நிலுவை, உங்கள் நோ டியூஸ் சான்றோடு அது எப்படிப் பொருந்துகிறது? மறுப்புக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கணக்கைத் திறக்கும்போதுதான் பல நேரம் அவர்களுக்கே தவறு தெரிகிறது.

ஒம்புட்ஸ்மேன்

நிறுவனம் மறுத்துவிட்டால், அல்லது 30 நாளில் பதிலே வராவிட்டால், ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் இதன் வரம்புக்குள் வந்துவிட்டன. ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். புகார் இணையதளத்தில் பதியலாம். சந்தேகங்களுக்கு 14448 என்ற இலவச எண் உண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

இங்கே புகார்கள் தள்ளுபடியாவதற்குப் பெரும்பாலும் நடைமுறைக் காரணம்தான். முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் வருவது, 30 நாள் முடியும் முன்பே வருவது, அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருப்பது. பதிலுக்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருக்காமல் உடனே பதியுங்கள். வங்கி, கடன் தகவல் நிறுவனம் இரண்டில் யார் மேல் புகார் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். திருத்தி அனுப்பாதவர் வங்கி என்றால் வங்கியின் மேல்தான். வீட்டுக் கடன் நிறுவனமாக இருந்தால் தேசிய வீட்டுவசதி வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள்.

தவறான பதிவால் பெரிய நஷ்டம் நேர்ந்திருந்தால், உதாரணமாக அனுமதி கிடைத்த வீட்டுக் கடன் ரத்தாகி முன்பணம் பறிபோயிருந்தால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. கடன் மறுப்புக் கடிதத்தையும் முன்பண ரசீதையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். காரணம் உண்டான நாளிலிருந்து இரண்டு ஆண்டு கெடு.

திருத்திய பிறகு

வங்கியிடமிருந்து 'திருத்தி அனுப்பிவிட்டோம்' என்ற கடிதம் வாங்குங்கள். 2025 ஜனவரி முதல் நிறுவனங்கள் 15 நாளுக்கு ஒரு முறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்பதால், ஒரு மாதம் கழித்து நான்கு ரிப்போர்ட்டையும் மறுபடி பாருங்கள். அடுத்த சுற்றுத் தகவல் போகும்போது பழைய தவறு திரும்பி வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. ரிப்போர்ட்டில் மட்டும் திருத்தி, தங்கள் கணினியில் மூல கணக்கைத் திருத்தாமல் விட்டால் இப்படி ஆகும். மூன்று மாதம் தொடர்ந்து கவனித்தால்தான் உறுதி. இலவச ரிப்போர்ட் தீர்ந்துவிட்டால், புகார் முடிவைக் காட்டும் திருத்திய ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

அவசரமாகக் கடன் வேண்டியிருந்தால் ஸ்கோர் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வங்கியின் திருத்தக் கடிதம், நோ டியூஸ், புகார் எண் மூன்றையும் விண்ணப்பத்தோடு சேர்த்து, கிளை மேலாளரிடம் நேரில் கொடுத்துப் பேசுங்கள். அதற்குள் ஐந்தாறு இடத்தில் விண்ணப்பித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் கடன் விசாரணையாகப் பதிவாகி, இப்போதுதான் மீளும் ஸ்கோரை மறுபடி இழுக்கும்.